தரிப்பிடத்தில் இறங்கியவள்

சங்ற் பீற்றர்
17.07.2007

கிறிஸ்தோப்பர் அவர்களுக்கு,

நான் உயிரோடுதான் இருக்கிறேன். பொலிசுக்குப் போக வேண்டாம். போயிருக்கவும் மாட்டீர்கள். போனால், மனைவியைக் கடைசியாக எங்கே கண்டீர்கள் என்று கேட்பார்கள். ஓட்டோபான் பெருந்தெருத் தரிப்பிடத்தில், கழிப்பறைக்கு முன்னால் கிடந்த மர வாங்கில் இருக்க விட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனேன் என்று சொல்ல வேண்டி வரும்.

போன் எடுக்காமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். என் கைபேசி உங்கள் காரில் கிடக்கிறது. இந்த வீட்டில் போன் இருக்கிறது, நம்பரும் உறையில் இருக்கிறது. ஆனால் போனில் நான் ஒன்று சொன்னால் நீங்கள் பத்துச் சொல்வீர்கள். பாதியிலேயே நான் அழத் தொடங்கிவிடுவேன். கடிதத்தில் நான் முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே வர ஏலாது. நீங்களும் எழுதுங்கள். போன் எடுத்தால் நான் பேச வரமாட்டேன், வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இது யூலியாவின் தாய் வீடு. யூலியாவைத் தெரியும்தானே, பல்கலைக்கழக உணவுச்சாலையில் என்னோடு சலாட் வெட்டுகிறவள். பிறைபூர்க்கிலிருந்து மலையேறினால் கறுப்புக்காட்டுக்குள் வருகிற சின்ன ஊர். ஒவ்வொரு கோடையும் வா, வா என்று கூப்பிடுவாள். ஒவ்வொரு கோடையும் யாருடையதாவது கலியாணம், யாருடையதாவது சாமத்தியவீடு என்று நான் தட்டிக்கழிப்பேன். சனிக்கிழமை அந்தத் தரிப்பிடத்துக் கடையில் சில்லறை மாற்றி அவளுக்குத்தான் போன் எடுத்தேன். விடுமுறைக்குத் தாய் வீட்டில்தான் நின்றாள், வந்து ஏற்றினாள். காரணம் கேட்கவில்லை. காஞ்சிபுரம் சாறியையும் கொண்டைப் பூவையும் பார்த்து, கலியாணத்துக்கா என்று மட்டும் கேட்டாள்.

நான் உங்களிடம் அப்படி என்ன கேட்டேன்? சுவிஸில், பேர்ணில் இருக்கிற உங்கள் தங்கச்சி வீட்டுக்கு இந்த ரோட்டால் எத்தனை தரம் போயிருப்போம். கார்ல்ஸ்றூவ தாண்டினதும் இடக்கைப் பக்கம் மலை தொடங்கும். பாசல் வரைக்கும் கூடவே வரும். ஒவ்வொரு முறையும் நான் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் நீங்கள் "பிறகு ஒருநாள் ஏறிப் பாப்பம்" என்பீர்கள். அன்றைக்குத் தங்கச்சி மகள் பிறின்சி பெரியபிள்ளையான சடங்கு மூன்று மணிக்கு. காலமை பத்துக்கே பிறைபூர்க் வந்து அந்தத் தரிப்பிடத்தில் இறங்கிவிட்டோம். "அரை மணித்தியாலம் மேலே போயிட்டு வருவம்" என்றேன்.

"உனக்கென்ன விசரோ? மலையில என்ன கிடக்கு? மரந்தான் கிடக்கு. ஏறு!"

லொறிக்காரர் இரண்டு பேர் சிரித்தார்கள். பாஷை விளங்காவிட்டாலும் சத்தம் விளங்கும். நான் வாங்கில் இருந்துவிட்டேன்.

"ஏறாட்டி நான் போறன்."

"போங்கோ."

போய்விட்டீர்கள். பெற்றோல் அடிக்கிற இடத்தில் திரும்புவீர்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கார் பெரிய ரோட்டில் ஏறியதைக் கண்டபோதும் நம்பவில்லை. நான்தான் இறங்கினேன் என்று ஊருக்குச் சொல்வீர்கள். இறங்கினேன், உண்மைதான். விட்டுவிட்டுப் போனது நீங்கள்.

மலையில் மரம் மட்டும் கிடக்கவில்லை. இந்த ஊர்க் கோயிலுக்கு வெங்காயத் தலை மாதிரி இரண்டு கோபுரம். அதைச் சுற்றி ஒரே புல்வெளி, மாடு, கீழே பள்ளத்தில் காலமையில் பால் மாதிரிப் பனி. காட்டுக்குள் கறுப்புச் சின்னப் பழம் கொத்துக் கொத்தாய்க் கிடக்கிறது. பிடுங்கித் தின்று நாக்கு நாவற்பழம் தின்ற மாதிரி ஆகிவிட்டது. உணவுச்சாலை திருத்த வேலைக்காகச் செப்ரெம்பர் வரைக்கும் பூட்டு. எனக்கு அவசரம் இல்லை.

புஷ்பமலர்

✻

வுப்பர்டால்
21.07.2007

புஷ்பம்,

'கிறிஸ்தோப்பர் அவர்களுக்கு' என்று எழுதியிருக்கிறாய். பதினெட்டு வருஷத்தில் நீ என் பெயரை எழுதி இப்போதுதான் பார்க்கிறேன். மின்சாரக் கொம்பனியும் எனக்கு அப்படித்தான் எழுதும்.

நீ வாங்கில் இருந்து வீரம் காட்டினாய். காரில் என்ன இருந்தது என்று யோசித்தாயா? பிறின்சிக்கு மாமன் கொடுக்கிற சாறி, சங்கிலி, தேங்காய், எல்லாம் என்னிடம். மக்டலீனுக்கு நான் ஒரே ஒரு சகோதரம். தாய்மாமன் பிந்தி வந்தால் அந்தப் பிள்ளையை எப்படிச் சபைக்குக் கொண்டுவருவார்கள்? நான் போகாமல் இருந்திருந்தால் அங்கே சடங்கே நின்றிருக்கும்.

சரி, போனேன். என்ன நடந்தது தெரியுமா? மண்டப வாசலிலேயே "மாமி எங்க?" என்று தொடங்கிவிட்டார்கள். வீடியோக்காரன் கூடக் கேட்டான். மாமனும் மாமியும் சேர்ந்து தண்ணி வார்க்க வேண்டிய இடத்தில் நான் ஒற்றையாய் நின்றேன். கடைசியில் மக்டலீனின் பக்கத்து வீட்டு மனிசியைப் பிடித்து உன் இடத்தில் நிறுத்தினார்கள். பிறின்சி தலையில் தண்ணீர் விழவிழ என் முதுகுக்குப் பின்னால் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றது. அந்தப் பிள்ளைக்கு நீ என்ன பதில் சொல்லப் போகிறாய்?

நான் என்ன பதில் சொல்ல? மலை பார்க்க இறங்கிவிட்டாள் என்றா? "ஆஸ்பத்திரியில" என்று வாயில் வந்துவிட்டது. மக்டலீன் அழத் தொடங்கிவிட்டாள்.

ஏன் உடனே திரும்பவில்லை என்று கேட்கிறாய். ஓட்டோபானில் நினைத்த இடத்தில் திரும்ப ஏலுமா? எனக்கும் கோபம். கோபத்தில் பாசல் வந்துவிட்டது. சடங்கு முடிந்ததும் சாப்பிடாமல் வெளிக்கிட்டேன். திரும்பி வருகிற பக்கத்தில் இருந்து உன் தரிப்பிடத்துக்குள் போக வழி இல்லை. எதிர்ப்பக்கம் நிறுத்திவிட்டு, வேலியில் பிடித்துக்கொண்டு, நடுவில் லொறி எல்லாம் பறக்க, "புஷ்பம், புஷ்பம்" என்று கத்தினேன். கோட் சூட் போட்ட கறுவல் ஒருவன் ரோட்டுக்கு அங்கால் பார்த்துக் கத்துகிறான் என்று சனம் காரை மெதுவாக்கிப் பார்த்தது. பிறகு ஓட்டோபானை விட்டு இறங்குகிற அடுத்த வழி மட்டும் போய்ச் சுற்றி வந்தேன். வாங்கில் வேறு யாரோ இருந்து சிகரெட் பிடித்துக்கொண்டு இருந்தான்.

நான் மண்டபம் மண்டபமாய்த் திரிகிறேன் என்பதுதானே உன் குற்றச்சாட்டு? கேள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. நாளைக்கு நான் விழுந்தால் உனக்கு யார், நீ விழுந்தால் எனக்கு யார்? இந்தச் சனம்தான். நாட்டிலிருந்து வந்து அகதி முகாமில் ஒரு கட்டிலில் நானும் அன்ரனும் மாறி மாறிப் படுத்தோம். அவனுடைய வீட்டுக் காரியத்துக்கு நான் போகாமல் மலையைப் பார்த்துக்கொண்டு நிற்கவா? மலை வந்து எங்களுடைய சவப்பெட்டியைத் தூக்குமா?

சனிக்கிழமைக்குள் வந்து சேர். வந்தால் ஒன்றும் கேட்கமாட்டேன்.

கிறிஸ்தோப்பர்

✻

சங்ற் பீற்றர்
27.07.2007

பெயர் எழுதினால் மின்சாரக் கொம்பனி என்கிறீர்கள். வழக்கம் போல 'இஞ்சேருங்கோ' என்று தொடங்க எனக்கு மனம் வரவில்லை. ஒன்றும் போடாமலே தொடங்குகிறேன்.

நான் எந்த ஆஸ்பத்திரியில் படுத்தேன்? எனக்கு என்ன வருத்தம்? சண்டை பிடித்துக்கொண்டோம் என்று சொன்னால் தலை போய்விடுமா? சண்டை பிடிக்காத வீடு பேர்ணில் எத்தனை இருக்கிறது? வருத்தக்காரி என்றால் உங்களைப் பார்த்து எல்லோரும் பாவம் என்பார்கள். ரோட்டில் விட்டுவிட்டு வந்தேன் என்றால் ஏசுவார்கள். கணக்கு அதுதான். அதற்கு என் உடம்பைப் பலி கொடுத்தீர்கள்.

பிறின்சியைப் பற்றி எழுதினீர்களே, அது குத்தியது. அவளுக்கு நான் தண்ணீர் வார்க்கவில்லை என்ற துக்கம் எனக்கு உங்களுடைய மானத்தை விடப் பெரிசு. வேலியில் நின்று கூப்பிட்டதை வாசித்தபோதும் அழுதேன். ஆனால் காலமையே திரும்பியிருந்தால் கத்த வேண்டி இருந்திருக்காது. நான் அந்த வாங்கில்தான் இருந்தேன்.

ஐரோப்பா முழுக்கச் சுற்றினவள் என்று ஊரில் என் அக்காமார் பெருமைப்படுகிறார்கள். நான் பார்த்த ஐரோப்பாவைச் சொல்லட்டா? பாரிசில் ஒரு மண்டபம். லண்டனில் இரண்டு. டென்மார்க்கில் ஒரு பள்ளிக்கூட விளையாட்டு மண்டபம். எல்லாவற்றிலும் அதே ஊதாத் திரை, அதே பிளாஸ்ரிக் பூ, அதே றோல்ஸ், அதே கேக், வாசலில் அதே சந்தனக் கிண்ணம். ஈபிள் கோபுரத்தை மேம்பாலத்தில் போகும்போது "அந்தா, அந்தா" என்று காட்டினீர்கள். நான் திரும்புவதற்குள் கட்டிடம் மறைத்துவிட்டது. அதுதான் நான் பார்த்த பாரிஸ். வழியில் ஒரு கடையில் இறங்கிச் சாப்பிட்டோமா? புட்டுப் பார்சலை மடியில் விரித்து, கார் ஓட ஓட உங்களுக்கு உருட்டித் தீத்தினேன்.

நேற்று யூலியாவும் தாயும் என்னைப் போடன்சே ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஏரி என்கிறார்கள், எனக்கு மன்னார்க் கடல் மாதிரி இருந்தது. அங்கால் சுவிஸ் மலையில் இந்த வெயிலிலும் வெள்ளை கிடக்கிறது. மேர்ஸ்பூர்க் என்ற ஊர் கரையில் தொடங்கிப் பாறையில் ஏறி நிற்கிறது. நடக்கிற ஒழுங்கை எல்லாம் கல், சுவர் எல்லாம் முந்திரிகைக் கொடி. தண்ணீர்க் கரையில் இருந்து அந்த ஏரி மீனைச் சாப்பிட்டோம். மாவில் பிரட்டி வெண்ணெயில் வாட்டி எலுமிச்சை பிழிந்திருந்தார்கள். கறித்தூள் இல்லை, புளி இல்லை. முதல் வாய் சப்பென்று இருந்தது. மூன்றாம் வாயில் மீன் ருசி தெரிந்தது. இவ்வளவு காலமும் நாங்கள் தூளைத்தான் சாப்பிட்டோம் போலிருக்கிறது. மீன் தலையை எல்லோரும் சாப்பாட்டுக் கோப்பையில் விட்டார்கள். நான் விடுவேனா? யூலியாவின் மீன் தலையையும் வாங்கிச் சப்பினேன். பக்கத்து மேசைக்காரர் கத்தி முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். பார்க்கட்டும்.

மலை பெட்டி தூக்காதுதான். ஆனால் நான் இன்னும் பெட்டிக்குள் போகவில்லை.

சனிக்கிழமைக்கு வரமாட்டேன். முதலில் அந்த ஆஸ்பத்திரிப் பொய்யை எடுங்கள்.

புஷ்பமலர்

✻

வுப்பர்டால்
02.08.2007

புஷ்பம்,

நீ அங்கே மீன் தலை சப்பிக்கொண்டு இரு. இங்கே என் தலையை எல்லோரும் சப்புகிறார்கள்.

பொய்யை எடு என்கிறாய். அது என்ன சேர்ட்டா, கழற்றிப் போட? மக்டலீன் அன்ரனின் மனிசி பற்றிமாவுக்குச் சொல்லி, அவர்கள் வீட்டிலிருந்து வுப்பர்டால் முழுக்கக் கதை வந்துவிட்டது. எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்ட் என்று பழத்தோடு வாசலில் வந்து நிற்கிறார்கள். இங்கே இருக்கிற ஆஸ்பத்திரியைச் சொன்னால் அரை மணித்தியாலத்தில் போய்ப் பார்த்துவிடுவார்கள். அதனால் தூரத்தில் கூருக்கு அனுப்பிவிட்டார்கள் என்றேன். உனக்குத் தெரியும், களைத்த ஆட்களைக் காப்புறுதிக்காரர் மலைப்பக்கம் மூன்று கிழமைக்கு அனுப்புவார்களே, அந்தக் கூர்தான். என் தொழிற்சாலையில் முதுகு நோவுக்கு எத்தனை ஜெர்மன்காரர் போய் வருகிறார்கள்.

எங்கடை சனத்துக்கு அப்படி விளங்கவில்லை. பற்றிமா குரலைத் தாழ்த்தி, "அண்ணை, கூருக்கெண்டால் மனசுக்கு ஏதோவாம், உண்மையோ?" என்கிறாள். நான் ஓமும் சொல்லவில்லை, இல்லையும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு சாப்பாடு இரட்டிப்பாக வருகிறது. இறால் குழம்பு, கணவாய், ஆட்டுக்கால், ஒடியல் கூழ். பிறீசர் கதவை நாடா ஒட்டித்தான் பூட்டி வைத்திருக்கிறேன். நான் ஒருவன் எவ்வளவைத் தின்ன? இவர்களைத்தான் நீ வேண்டாம் என்கிறாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அன்ரன் வான் பிடித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உன்னைப் பார்க்க வருகிறார்கள். வேண்டாம் என்றேன், தூரம் என்றேன், பார்வையாளரை விடமாட்டார்கள் என்றேன். "விடாட்டி வாசலில நிண்டெண்டாலும் பாத்திட்டு வருவம்" என்கிறான். இதற்கு மேல் மறித்தால் சந்தேகப்படுவார்கள். நீ பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். ஒரு சால்வையைப் போர்த்துக்கொண்டு கதிரையில் ஒரு மணித்தியாலம் இரு. குறையக் கதை. அவர்கள் போனபிறகு சுகமாகிவிட்டது என்று சொல்லி உன்னைக் கெவலார் மாதா திருவிழாவுக்கு முன் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். எல்லாம் முடிந்துவிடும்.

இந்த ஒன்றை எனக்காகச் செய்.

கிறிஸ்தோப்பர்

✻

சங்ற் பீற்றர்
07.08.2007

கிறிஸ்தோப்பர் அவர்களுக்கு,

மின்சாரக் கொம்பனிதான். வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் சனிக்கிழமை பின்னேரம்தான் கையில் வந்தது. மறுமொழி எழுத நேரம் இல்லாதபடிதானே அனுப்பினீர்கள்? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யூலியாவின் தாய் யன்னலால் பார்த்துவிட்டு, பஸ்காரர் வழி தவறி வந்துவிட்டார்கள் என்று சொன்னா. வான் கதவு திறந்தது. முதலில் சோற்றுப் பானை இறங்கியது. பிறகு சனம் இறங்கியது. எல்லோருக்கும் பின்னால், கடைசியாக, வான் சில்லைக் குனிந்து பார்த்துக்கொண்டு நீங்கள்.

நான் சால்வை போர்க்கவில்லை. தோட்டத்தில் நின்று உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். பற்றிமா ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். "எனக்கு ஒரு வருத்தமும் இல்லை பற்றிமா, நான் சும்மா ஊர் பாக்க வந்தனான்" என்றேன். அவள் என் தலையைத் தடவி, "ஓமம்மா, ஓம். ஊர் பாருங்கோ. யோசியாதேங்கோ" என்றாள். "நான் ஆஸ்பத்திரிக்கே போகேல்லை" என்றேன். அவள் திரும்பி மற்றப் பெண்களைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். நான் சத்தம் போட்டேன். சத்தம் போட்டதும் எல்லோரும் இரண்டு அடி பின்னால் போனார்கள். யூலியா என் தோளைப் பிடித்தாள். அவளைத் தாதி என்று நினைத்து அன்ரன், "மருந்து ஒழுங்காய் எடுக்கிறாவோ?" என்று அவளிடம் ஜெர்மன் பாஷையில் கேட்டான். மருந்தே இல்லை என்று அவள் சொன்னதையும், தாதி எனக்கு முன்னால் மறைக்கிறாள் என்றே எடுத்தான். மாட்டுக் கொட்டிலைக் காட்டி, "இப்ப இப்பிடித்தானாம், மாட்டோட விட்டுச் சுகப்படுத்துவினமாம்" என்று யாரோ விளக்கம் வேறு.

நான் உண்மையைச் சொல்லச் சொல்ல என் விசர் முற்றிக்கொண்டு போனது. விளங்குகிறதா நீங்கள் செய்தது? நான் இனி என்ன சொன்னாலும் அது வருத்தக்காரியின் பேச்சு. அந்தத் தோட்டத்தில் ஒரே ஒருவர் வாய் திறந்தால் போதும், நான் சுகமான மனிசி ஆகிவிடுவேன். அந்த ஒருவர் வானுக்குப் பக்கத்தில் சில்லுக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு எல்லோரும் புல்லில் பாய் விரித்துச் சோறு சாப்பிட்டீர்கள். அவ்வளவு தூரம் வந்து, ஒருவராவது தலையை நிமிர்த்தி அந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்தார்களா? மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து, யார் வீட்டுப் பிள்ளை யாரோடு திரிகிறது என்று கதைத்தார்கள். யூலியாவின் தாய் கறுப்புப் பழத்தில் கேக் செய்து கொண்டுவந்து வைத்தா. "உதில கள்ளுச் சாராயம் போட்டிருப்பினம்" என்று ஒருவரும் தொடவில்லை. அந்த மனிசியின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாய் இருந்தது. முழுக் கேக்கையும் நானும் யூலியாவும் இரவு உட்கார்ந்து தின்றோம்.

போகும்போது என்னைத் தனியே கூப்பிட்டு என்ன சொன்னீர்கள்? "எல்லாரும் இவ்வளவு தூரம் வந்திருக்கினம், ஒருக்காச் சிரிச்சாவது விடு." பதினெட்டு வருஷத்தில் நீங்கள் என்னைத் தேடி ஒரு மலை ஏறி வந்த ஒரே நாள் அது. அதற்கும் ஒரு வான் சனம் தேவைப்பட்டது.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். நோயாளியாக அந்த வீட்டுக்கு நான் திரும்பி வரமாட்டேன். வந்தால் சாகும்வரை நான் அதுதான். கோபப்பட்டால் மருந்து எடுக்கவில்லை என்பார்கள். சிரித்தாலும் அதையே சொல்வார்கள். சனிக்கிழமை கெவலாரில் எல்லோரும் கூடுவீர்கள். அங்கே உங்கள் வாயால் சொல்லுங்கள். என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம், எனக்கு அது தேவையில்லை. அவர்களிடம் சொல்லுங்கள், ரோட்டில் விட்டுவிட்டு வந்தேன் என்று. சொல்லாவிட்டால் யூலியாவின் தாய்க்குத் தெரிந்த ஓர் உணவுவிடுதியில் சமையலுக்கு ஆள் தேடுகிறார்கள். நான் கேட்டு வைத்திருக்கிறேன்.

புஷ்பமலர்

✻

வுப்பர்டால்
12.08.2007

புஷ்பம்,

சொல்லிவிட்டேன். இனி உனக்கு நிம்மதிதானே? நடந்ததை முழுக்க வாசி. வாசித்துவிட்டுச் சிரி.

பூசையில் சொல்லலாம் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். கெவலாரில் எப்போதும் போலச் சனம் வழிந்தது. மன்றாட்டு நேரம் ஃபாதர் நோயாளரின் பெயர்களை வாசித்தார். அதில், "வுப்பர்டாலில் வசிக்கும் புஷ்பமலர் அவர்கள் மனநலம் பெற வேண்டுமென்று" என்றார். பற்றிமா கொடுத்திருக்கிறாள். முழுச் சனமும் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. என் வாயும் சேர்ந்து சொல்லிவிட்டது. பழக்கம். சொன்னபிறகுதான் என்ன சொன்னேன் என்று விளங்கியது.

பூசை முடிந்து கார் நிறுத்துகிற இடத்தில் வழக்கம் போல் சோறு. நான் கோப்பையைக் கையில் எடுக்கவில்லை. "அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. நான்தான் ரோட்டில விட்டிட்டுப் போனனான்" என்றேன். ஒருவரும் நம்பவில்லை! "பாவம், மனிசியை யோசிச்சு யோசிச்சு இவருக்கும்" என்று ஒரு குரல். அப்போதுதான் நீ தோட்டத்தில் எப்படி நின்றிருப்பாய் என்று எனக்கு ஏறியது. நான் கத்தினேன். தரிப்பிடம், வாங்கு, லொறிக்காரர், ஆஸ்பத்திரிப் பொய், கூர்ப் பொய், எல்லாவற்றையும் முதலிலிருந்து கடைசி மட்டும் சொன்னேன். பக்கத்து வானில் வந்த கொலோன் ஆட்களும் கோப்பையோடு வந்து சுற்றி நின்று கேட்டார்கள்.

முதலில் அன்ரன் சிரித்தான். "அட, இதுக்கே? நானும் எத்தினை தரம் இறக்கி விட்டிடுவன் எண்டு வெருட்டினனான்."

பற்றிமா கோப்பையை நிலத்தில் வைத்தாள். "வெருட்டினதைச் சொல்லுறியள். ஏன் எண்டதையும் சொல்லுங்கோவன். றைன் ஆத்துக் கப்பலில ஒருக்கா ஏறுவம் எண்டு கேட்டன். ஏத்தினனீங்களோ?"

அவ்வளவுதான். கொலோனிலிருந்து நேர்த்திக்கு வருகிற நாகலட்சுமி அக்கா கோயிலில் சத்தம் போட்டு நான் கண்டதில்லை. "நான் இருபது வருஷமாய்க் கொலோனில இருக்கிறன். அந்தப் பெரிய கோயில் கோபுரத்தில ஏற வேணும் எண்டு கேட்டுக் கேட்டுக் களைச்சு, இப்ப முழங்கால் ஏலாது" என்று புருஷனைப் பார்த்துக் கத்தினா. ஒருத்திக்குக் கடல், ஒருத்திக்கு ஏதோ ஒல்லாந்துப் பூந்தோட்டம். ஒவ்வொருத்தியும் எங்கே, எந்த வருஷம், எந்தக் கலியாணத்துக்குப் போகும்போது கேட்டாள் என்று சொல்லிச் சொல்லிச் சண்டை. ஆண்கள் முதலில் சமாளித்தார்கள், பிறகு கோபப்பட்டார்கள், பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்னால்தானாம். என் வாய்தானாம். அன்ரன் என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போய்வாறன் என்று கூடச் சொல்லவில்லை. ஒரே கட்டிலில் படுத்தவன்.

நீ கேட்டதைச் செய்தேன். அதற்கு நான் கொடுத்தது இது. எனக்கு உன் மேல் இன்னும் கோபம்தான். நீ பேர்ண் மட்டும் வந்து, பிறின்சிக்குத் தண்ணீர் வார்த்துவிட்டு, வரும் வழியில் இறங்கியிருக்கலாம். அதை நான் மறக்கமாட்டேன்.

ஆனால் மன்றாட்டில் உன் பெயரைக் கேட்டபோது, நீ இனி வரவே மாட்டாய் என்று பயந்துவிட்டேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

வருகிற சனிக்கிழமை காரோடு வருகிறேன். தனிய. எத்தனை மணிக்கு ஆயத்தமாய் இருப்பாய் என்று எழுது.

கிறிஸ்தோப்பர்

✻

சங்ற் பீற்றர்
16.08.2007

இஞ்சேருங்கோ,

நீங்கள் எழுதுவதற்கு முதலே செய்தி வந்துவிட்டது. அன்றிரவே பற்றிமா மக்டலீனுக்குச் சொல்லி, மக்டலீன் உங்களைப் பிடித்து இந்த வீட்டு நம்பரை வாங்கினதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. அவளுடைய போனுக்கு மட்டும் நான் போனேன். முதலில் உங்களை ஏசினாள். பிறகு என்னை ஏசினாள். என் பிள்ளையின் சடங்கை விட உனக்கு மலை பெரிசோ என்று கேட்டாள். இருவரும் அழுதோம். முடிவில், "பிறின்சி உன்னட்டை வரவேணுமெண்டு நிக்குது, அனுப்பட்டோ?" என்றாள்.

செவ்வாய்க்கிழமை பாசலுக்குப் போய்ப் பிள்ளையை ரயிலில் இருந்து இறக்கிக்கொண்டு வந்தோம். நேற்று மாதா திருநாள். இந்த ஊரில் பெண்கள் பூவும் மூலிகையும் கட்டாய்க் கட்டிக் கோயிலில் மந்திரித்து வீட்டில் தொங்கவிடுவார்கள். யூலியாவின் தாய் எங்கள் இருவருக்கும் கட்டக் காட்டித் தந்தா. பிறின்சி கட்டினது என்னுடையதை விட வடிவாய் இருந்தது. மாமி ஏன் வரவில்லை என்று ஒரு முறைதான் கேட்டாள். உண்மையைச் சொன்னேன். தன் பூக்கட்டைத் தூக்கிக்கொண்டு என்னை விட்டு முன்னால் நடந்தாள். அதுவும் சரிதான்.

நீங்கள் சொன்னதற்காகச் சந்தோஷம். அன்ரன் திரும்பக் கதைப்பான், அவனுக்கு வேறு ஆள் யார்? என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். எழுத முடியாதது இன்னும் நிறையக் கிடக்கிறது, நேரில் கேட்பேன். நீங்களும் கேளுங்கள்.

ஆனால் எத்தனை மணிக்கு ஆயத்தமாய் இருப்பாய் என்று கேட்டிருக்கிறீர்களே, நான் ஒன்றுக்கும் ஆயத்தமாய் இருக்கமாட்டேன். சனிக்கிழமை பிறின்சிக்குப் பிரான்ஸ் பக்கம் கோல்மார் காட்டப் போகிறோம். வீடெல்லாம் வேறு வேறு நிறமாம், நடுவில் வாய்க்கால் ஓடுகிறதாம். மெல்லிய மாவில் வெங்காயமும் பாலாடையும் போட்டுச் சூளையில் சுட்டுத் தருவார்களாம். புட்டுக் கட்டிக்கொண்டு போகவில்லை. பிந்தினால் பிந்தட்டும், அங்கே எங்களுக்காக ஒரு மண்டபமும் காத்திருக்கவில்லை.

வர விருப்பமென்றால் வாருங்கள். இதை விரைவுத் தபாலில் போடுகிறேன், வெள்ளிக்கிழமை காலமை கிடைக்கும்; காரை வுப்பர்டாலில் விட்டுவிட்டு அன்றைக்கே ரயிலில் வந்து இறங்குங்கள். யூலியாவின் சின்னக் காரில் இன்னும் ஓர் இடம் இருக்கிறது. பின்னுக்கு, எனக்கும் பிறின்சிக்கும் நடுவில். முன்னுக்கு யூலியாவின் தாய். ஓட்டுவது யூலியா.

புஷ்பம்